கிலோவையும் பீஸையும் கூட்டிய வரி

அந்த வரியைப் பார்த்ததும் சத்தமாகவே சிரித்துவிட்டேன். துணியின் எடையோடு காலர்களின் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தது அந்த நிரல். இருபத்து நான்கு கிலோவும் அறுநூறு பீஸும் சேர்ந்தால் அறுநூற்று இருபத்து நான்கு. அறுநூற்று இருபத்து நான்கு என்ன? கிலோவா, பீஸா? ஆறாம் வகுப்பில் என் கணக்கு வாத்தியார் என்றால் காதைத் திருகியிருப்பார். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கடல் தாண்டியிருக்கும் என் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவரும் சிரித்தார். இப்போது எழுதும்போதுகூட அந்தச் சிரிப்பை நினைத்தால் காது சுடுகிறது.

நான் செய்வது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி. போஸ்ட்டாக் என்பார்கள். நிரல் மொழிகளின் டைப் சிஸ்டம் என் துறை. கணினிக்கு எண் என்றால் வெறும் எண்தான். பன்னிரண்டு கிலோ, பன்னிரண்டு பீஸ், பன்னிரண்டு டஜன் எல்லாம் அதற்கு ஒரே பன்னிரண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால், நிரலை ஓட்டிப் பார்க்காமல், படித்துப் பார்த்தே, 'இந்த இடத்தில் கிலோவைப் பீஸோடு கலக்கிறாய்' என்று சொல்லிவிடலாம். சீட்டை எப்படி ஒட்டுவது, எது எதனோடு சேரலாம், அந்த விதிகள் ஒருநாளும் கைவிடாது என்பதற்கு என்ன நிரூபணம் என்பதுதான் என் படிப்பு முழுக்க.

இதை எங்கள் வீட்டில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்பா பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அப்ப செக்கிங் செக்ஷன்னு சொல்லு கண்ணு."

"கிட்டத்தட்ட அதானுங்கப்பா."

"அதுக்கு எதுக்கு இத்தன வருசம்? கம்பெனில புதுசா வர்ற புள்ளைக சாயங்காலத்துக்குள்ள கத்துக்குதுக."

அம்மா சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதனால் நான் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. எனக்கும்தான்.

காகிதத்தில் நிரூபணம் எழுதி முடித்தாயிற்று. அலகுகளைச் சரிபார்க்கும் கருவியையும் கட்டியாயிற்று. ஆனால் நிஜமான ஒரு நிரலின்மேல் ஓட்டிக் காட்டாமல் கட்டுரையை யாரும் ஏற்கமாட்டார்கள். பெரிய நிறுவனங்கள் தங்கள் நிரலைக் கண்ணில் காட்டாது. அப்போதுதான் அப்பா இருபது ஆண்டுகளாகத் தைத்த முதலிபாளையம் பனியன் கம்பெனி நினைவுக்கு வந்தது. நூல் உள்ளே வருவதிலிருந்து பெட்டி வெளியே போவது வரை எல்லாவற்றையும் அங்கே ஒரு நிரல் பார்த்துக்கொள்கிறது என்று அப்பா சொல்லியிருந்தார். கிலோ, மீட்டர், பீஸ், டஜன், ரோல், பெட்டி என்று அத்தனை அலகும் ஒரே இடத்தில் புரள்கிற நிரல். என் ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல விளைநிலம் கிடைக்காது.

முதலாளி உடனே சம்மதித்தார். "நம்ம டெய்லர் பையனுங்க. ஃபாரின்ல ஆராய்ச்சி பண்றானுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஆபீஸ் அறையில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நான்கு மாதம் ஊரில் இருந்து வேலை பார்க்கப் பேராசிரியரும் ஒப்புக்கொண்டார்.

அந்த நிரலை எழுதியவர் பக்கத்து மேசையில் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் அக்கா என்றே கூப்பிட்டேன். தெற்கே மழை பொய்த்த ஒரு வருடம் அவர் அப்பா குடும்பத்தோடு பஸ் ஏறி இங்கே வந்தாராம். அப்போது அக்கா ஆறாம் வகுப்பு. இங்கேயே வளர்ந்தும் பேச்சில் தெற்கு விட்டுப்போகவில்லை. பன்னிரண்டாவது முடித்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பு போய், இதே கம்பெனியில் என்ட்ரி போடுகிற வேலைக்குச் சேர்ந்தார். முன்பிருந்த மென்பொருள்காரர் பாதியில் விட்டுவிட்டுப் போனபோது, இருந்ததைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கடைசியில் எல்லாவற்றையும் பைத்தானில் புதிதாக எழுதிவிட்டார். ஒன்பது வருடமாக அதுதான் ஓடுகிறது.

முதல் நாளே கேட்டார்.

"எம் புரோகிராம வெச்சு என்னத்த கண்டுபிடிக்கப் போறீங்க தம்பி? அதுல ஒண்ணுமே இல்லையே. எல்லாம் கூட்டல் கழித்தல்தான்."

"அதுதாங்க்கா எனக்கு வேணும்."

"அப்ப சரி. எடுத்துக்கிடுங்க. எதாச்சும் அசிங்கமா இருந்துச்சுன்னா எங்கிட்ட மொதல்ல சொல்லுங்க, என்ன?"

அப்படிச் சொல்லியிருந்தார். நான் அதைச் செய்யவில்லை.

கருவி முதல்முறையாக முழு நிரலையும் படித்து முடித்த அன்று முப்பத்தேழு இடங்களில் கொடி காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதிய கருவி ஒன்றையுமே கண்டுபிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம் இரண்டு வருடமாக இருந்தது. பட்டியலை அழகாக அச்சுக்கோத்து, மேலே 'பிழைகள்: 37' என்று தலைப்பிட்டு, நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று காட்டுவதற்காக நேரே முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டேன். அக்கா அப்போது கட்டிங் ஹாலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் இரண்டு பேரையும் முதலாளி உள்ளே கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மிணி," என்றார். தன்னிடம் வேலை பார்க்கிறவர் யாரையும் அவர் ஒருமையில் பேசமாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "முப்பத்தேழு தப்பு வெச்சுட்டுங்களா இத்தன வருசம் ஓட்டிட்டு இருந்தோம்?"

அக்கா என்னைப் பார்த்தார். முதலாளியின் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"கோயமுத்தூர்ல இருந்து அந்த ரெடிமேடு சாஃப்ட்வேர்காரங்க ஆறு மாசமா நடக்கறாங்க" என்றார் முதலாளி. "அவுங்களே ஆளும் போட்டுக்குவாங்களாம். நாந்தான் இருக்கறது நல்லா ஓடுதுங்களேன்னு தள்ளிட்டு வந்தேன். வெள்ளிக்கெழம வரச் சொல்லீர்றனுங்க. நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க அம்மிணி. நீங்களும் ஒண்டியா என்னதான் பண்ணுவீங்க."

அவ்வளவு மரியாதையாக ஒருவரை வேலையை விட்டு அனுப்ப முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். பட்டியல் என்னுடையது. அது சரி என்று அந்த நிமிடம்வரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் இருக்குலா சார்" என்றார் அக்கா. "முப்பத்தேழையும் பாத்துருதேன். ஒவ்வொண்ணா சொல்லுதேன்."

வெளியே வந்ததும் அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். தன் நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டார்.

"மொத தப்பு எது? காட்டுங்க டாக்டர் தம்பி."

அன்றுவரை வெறும் தம்பிதான்.

பட்டியலின் முதல் இடத்தில் நான் வைத்திருந்தது அந்தக் கூட்டல் வரி. இருப்பதிலேயே பெரிய அபத்தம் என்று நான் கருதியது. அக்கா அதை ஒரு கணம் பார்த்தார். "இதுவா?" என்றார். "எந்திரிங்க. கேட்டுக்குப் போவோம். ஸ்கிரீன்ல பாத்தா இது வெளங்காது."

கேட்டில் சாயப்பட்டறையிலிருந்து ஒரு டெம்போ வந்து நின்றிருந்தது. காவலுக்கு இருந்தவர் பீகார்க்காரர். எல்லோரும் பையா என்று கூப்பிடுவார்கள். தமிழ் ஓரளவு பேசுவார், படிக்கத் தெரியாது. டெம்போவில் சாயம் போட்ட துணி ரோல்கள், கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி ரோல்கள், காலர் மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை கட்டியிருந்தது. ரோலின் அட்டையில் எடை, காலர் மூட்டையின் அட்டையில் எண்ணிக்கை. எழுத்து பாதி தமிழ், பாதி ஆங்கிலம், எழுதியவருக்கே மறுநாள் புரியாது. எண் மட்டும் பெரிதாக இருந்தது.

பையா ஒரு பெரிய பட்டன் கால்குலேட்டரை இடது கையில் பிடித்துக்கொண்டு, ரோல் இறங்க இறங்க, அட்டையில் இருந்த எண்ணை அழுத்திக் கூட்டிக்கொண்டே போனார். ரோலா மூட்டையா, துணியா காலரா என்று பார்க்கவேயில்லை. கடைசி மூட்டை இறங்கியதும் அக்காவைப் பார்த்து இந்தியில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

"ஏக். சார். தோ. சே. பாயிண்ட் ஸாத்."

அக்கா தன் போனைத் திருப்பி என்னிடம் காட்டினார். சாயப்பட்டறையிலிருந்து டெம்போ கிளம்பும்போதே, ஏற்றிய சரக்கை வரிவரியாக எழுதிய சலானைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அதை என்ட்ரி போட்டதும் நிரல் கூட்டி வைத்திருந்த எண் அதில் இருந்தது. 1426.7.

"டேலி பையா. உள்ள வுடு."

டெம்போ உள்ளே போனது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா துணிப் பஞ்சை முந்தானையிலிருந்து தட்டிக்கொண்டே சொன்னார்.

"முன்னால எப்படி இருந்துச்சுன்னா, கேட்டுல நிக்கவன் கிலோவ தனியா, பீஸ தனியா, ரோல தனியா எழுதணும். படிக்கத் தெரிஞ்ச ஆளு கேட்டு வேலைக்கு வரமாட்டான். வந்தவனும் எழுதி முடிக்கதுக்குள்ள டெம்போ ரோடு வரைக்கும் நிக்கும். அவசரத்துல ஒரு மூட்டை டெம்போவுலயே திரும்பிப் போயிரும். ரெண்டு நா கழிச்சு காலர் இல்லாம தையல் லைன் நிக்கும். அப்பதான் யோசிச்சேன். கேட்டுல எனக்குத் தெரிய வேண்டியது எத்தன கிலோன்னு இல்லலா? அது சலான்லயே இருக்கு. எல்லாம் வந்துட்டா, வரலியா? அவ்வளவுதான். அதுக்கு எதை வேணாலும் எதோட வேணாலும் கூட்டலாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கூட்டுனா போதும்."

"டேலி ஆகலைன்னா?"

"வித்தியாசத்தப் பாத்தா எந்த ரோல் வரலைன்னு தெரிஞ்சிரும். ஒரு ரோல் மாதிரி இன்னொரு ரோல் எடை வராது தம்பி. வந்தாலும் அபூர்வம். அன்னிக்கு மட்டும் நான் எறங்கி வந்து பாப்பேன்."

பொருளில்லாத கூட்டல் என்று நான் சிரித்த வரி, பொருள் தேவையில்லாத இடம் எது என்று தெரிந்து எழுதப்பட்ட வரி. எழுத்துப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர், எதை எண்ணுகிறோம் என்று தெரிந்துகொள்ளாமலே, தவறில்லாமல் வேலை செய்ய ஒரு வழி. தமிழும் இந்தியும் ஆங்கிலமும் குழம்பிக் கிடக்கிற ஒரு கேட்டில் எண் ஒன்றுதான் எல்லோருக்கும் பொது என்று கண்டுபிடித்து அதன்மேல் கட்டியது. இப்படி ஒன்றை நான் யோசித்திருக்கமாட்டேன். என் கருவி யோசிக்கவேவிடாது. கிலோவும் பீஸும் சேரக்கூடாது என்பதுதான் நான் அதற்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம்.

மேசைக்குத் திரும்பி அந்த வரியை மறுபடி படித்தேன். கூட்டி வந்த எண்ணுக்கு அக்கா வைத்திருந்த பெயர் verum_total. வெறும் என்று தமிழில், ஆங்கில எழுத்தில். முன்பே நூறு முறை பார்த்த பெயர்தான். கருவி பெயர்களைப் படிக்காது. அதனால் நானும் படிக்கவில்லை.

"அந்த 'வெறும்' எதுக்குங்க்கா?"

"வெறும் நம்பர்னு அர்த்தம். வேற எதுக்கும் எடுக்கக் கூடாதுன்னு எனக்கே ஒரு ஞாபகத்துக்கு."

நிரல் முழுவதையும் தேடிப் பார்த்தேன். வெறும் என்று தொடங்கும் எண்கள் மூன்று இடங்களில் பிறந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் பெருக்கவில்லை, வகுக்கவில்லை, எந்த அறிக்கையிலும் அச்சடிக்கவில்லை, இன்னொரு கணக்குக்குள் கொண்டுபோகவில்லை. இன்னொரு வெறும் எண்ணோடு ஒப்பிடுவது, வித்தியாசம் பார்ப்பது, அதோடு சரி. ஒன்பது வருடம். பல்லாயிரம் வரிகள். எந்தக் கருவியும் காவல் நிற்காமல், ஒருமுறைகூடத் தவறாமல். ஒரு மதிப்பை மூடிவைத்து, இந்த இரண்டு செயல் மட்டுமே அதன்மேல் செய்யலாம் என்று கட்டுப்படுத்துவதை எங்கள் துறையில் பக்கம் பக்கமாக எழுதுவோம். நான் அதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். அவர் ஒரு முன்னொட்டில் முடித்திருந்தார்.

அது மட்டுமில்லை. அந்த மூன்றும் போகக் கருவி காட்டிய மீதி முப்பத்து நான்கில் முப்பத்து மூன்று ஒரே காரணத்தால் வந்தவை. அளவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் சில நேரம் கிலோ, சில நேரம் பீஸ். நான் அதைக் கலப்படம் என்று எழுதியிருந்தேன். அக்கா சொன்னார், பக்கத்துக் கட்டத்தில் துணி என்றிருந்தால் கிலோ, காலர் என்றிருந்தால் பீஸ். காலரை யாராவது கிலோவில் தைப்பார்களா? அந்தக் கட்டத்தின் பெயர் alavu_pakkam. பக்கத்தில் பார் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஒன்றின் மதிப்பைப் பார்த்து இன்னொன்றின் வகை மாறுவது டைப் சிஸ்டங்களிலேயே கடினமான பகுதி. அதை எளிமைக்காக விட்டுவிடுவதாக என் கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போயிருந்தேன்.

புதிதாக ஒரு கணக்கை எழுதுவதற்குமுன் அவர் என்ன செய்வார் என்பதையும் அந்த வாரத்தில் பார்த்தேன். நேரே ஹாலுக்குப் போவார். அந்த வேலையைச் செய்கிறவர் பக்கத்தில் நின்று, பழைய சலானின் பின்பக்கத்தில், ஒரே ஒரு பீஸுக்கு முதலிலிருந்து கடைசிவரை கையால் போட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதுவார். கட்டிங் மாஸ்டர் சும்மா "பன்னண்டு" என்றால் விடமாட்டார்.

"பன்னண்டு என்ன மாஸ்டர்?"

"பன்னண்டுதானுங்க."

"நிறுக்கதா, எண்ணுகதா?"

"ஏனுங்க, இந்தக் கேள்விய எங்கூட்டுக்காரி கேக்கறதில்லீங்க!"

"அவங்களுக்குச் சோறு எத்தன பேருக்குன்னு தெரிஞ்சா போதும். எனக்குப் பத்தாதுல்லா."

இந்தப் பேச்சைத்தான் நான் ஒரு கருவியாகச் செய்ய இரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கடைசி ஒன்றுக்கு வந்தோம். உள்பெட்டிகளின் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு பழைய அறிக்கை. இதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று பேனாவோடு காத்திருந்தேன். அக்கா நெற்றியைச் சுருக்கினார். இரண்டு முறை படித்தார். ஒரு சலானைத் திருப்பிப் போட்டுக் கையால் போட்டுப் பார்த்தார்.

"அட" என்றார். "டஜனையும் பீஸையும் சேத்துல்லா வெச்சிருக்கேன்!"

"நெசமாவே தப்புங்களா?"

"சுத்தத் தப்பு. இந்த ரிப்போர்ட்ட எடுக்கதையே நிறுத்திட்டாங்க, அதனால யாரும் பாக்கல. ஏ தம்பி, இத ஒங்க மிஷின் கண்டுபிடிச்சிட்டே!" அவர் முகத்தில் அந்த வாரத்திலேயே முதல்முறையாகச் சந்தோஷம். தன் பிழை பிடிபட்டதற்கு ஒருவர் அவ்வளவு மகிழ்ந்து நான் எந்தக் கருத்தரங்கிலும் பார்த்ததில்லை.

நான் மெதுவாகச் சொன்னேன். "இத விட்ருவோங்க்கா. யாரும் எடுக்காத ரிப்போர்ட்டுதான? முப்பத்தேழும் சரின்னே சொல்லிர்றேன். மொதலாளிகிட்ட ஒண்ணு இருக்குன்னாலும் வம்பு."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அதெல்லாம் வேண்டாம். முப்பத்தாறு சரின்னு அவர் நம்பணும்னா, இந்த ஒண்ணு தப்புன்னு நீங்க சொல்லணும். இல்லேன்னா நீங்க எனக்காகப் பேசுத மாதிரில்லா இருக்கும்? எனக்காக யாரும் பேச வேண்டாம் தம்பி. நடந்ததச் சொல்லுங்க, போதும்."

தலை குனிந்துகொண்டேன். நிரூபணம் எழுதுகிற வேலையில் இருக்கிறவன் நான்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி முன்னால் நின்றோம். கோயமுத்தூர்க்காரர்கள் மதியம் வருவதாக இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் வார்த்தை வேறு மாதிரி வந்தது.

"அந்த லிஸ்ட் தப்புங்க. தலைப்பே தப்புங்க. எனக்குப் புரியாத இடங்கள் முப்பத்தேழுன்னு போட்டிருக்கோணும். முப்பத்தாறு எடத்துல அக்கா எழுதுனதுதான் சரி. என்ற கருவிக்கு அதப் படிக்கற அளவுக்கு அறிவு பத்தல. ஒண்ணே ஒண்ணு நெசமான தப்பு, யாரும் எடுக்காத ரிப்போர்ட்டுல. நேத்தே சரி பண்ணிட்டாங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"உன்ற பரீட்சைல நீயே ஃபெயிலுங்கறயா கண்ணு?"

"ஆமாங்க."

"பாவம் பாக்கறயாக்கும்?"

"இல்லீங்க. பாவம் பாக்கறதா இருந்தா அந்த ஒண்ணையும் சொல்லியிருக்கமாட்டேனுங்க."

சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலாளி முப்பது வருடம் துணி பார்த்தவர். வாயால் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. அந்தக் கூட்டல் வரி என்ன என்று கேட்டார். அக்கா சொன்னார். "அப்புடியாக்கும்" என்றார். மேசைமேல் அன்று காலை வந்த சலான் ஒன்று கிடந்தது. கால்குலேட்டரை இழுத்து வைத்துக்கொண்டு, சலானை மார்போடு மறைத்துப் பிடித்து, தானே அழுத்தத் தொடங்கினார். கடைசியில் ஒரு எண்ணைச் சொன்னார்.

அக்கா போனைப் பார்த்தார். "டேலி ஆகல சார். இருபத்தி ரெண்டு புள்ளி எட்டு கொறையுது." இரண்டு விநாடி. "ரிப் ரோல் ஒண்ண அடிக்காம வுட்டுட்டீங்க. நேவி கலர். நாலாவது வரி."

முதலாளி சலானை இறக்கிப் பார்த்தார். அவர் வேண்டுமென்றே தாண்டிய வரி அது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இது இத்தன நாளா நடக்குதுங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லீங்களே!"

"ஓடுதுல்லா சார். ஓடுகதப் பத்தி என்ன சொல்லதுக்கு இருக்கு?"

அவர் போனை எடுத்துக் கோயமுத்தூருக்குப் பேசினார். இப்போதைக்கு வேண்டாமுங்க, இருக்கறது நல்லாத்தான் ஓடுதுங்க, தேவைப்பட்டா நானே கூப்பிடறனுங்க என்று அதே மரியாதையோடு சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது முடிவு என்று புரிந்திருக்குமா தெரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், நாம் சிரித்த அந்தப் படத்தை இன்னொருமுறை அனுப்பு என்றார். அடுத்த இரண்டு மாதம் கருவியைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினோம். அலகை உதறிவிட்டு ஒப்பிட மட்டும் பயன்படுகிற வெறும் எண்ணுக்கு ஒரு தனி வகை. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து மாறுகிற அளவுக்கு இன்னொரு வகை. நிரூபணம் மூன்று மடங்கு நீண்டது. முடித்து மறுபடி ஓட்டியபோது கருவி அக்காவின் நிரலை ஆரம்பம் முதல் கடைசிவரை படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. என் வேலையில் நான் கேட்ட மிக நல்ல மௌனம் அது. கட்டுரையில் அவர் பெயரும் இருக்கவேண்டும் என்று சொன்னபோது, "அதுல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல எனக்குப் புரியும்படி சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். விளக்கி முடிக்க மூன்று சாயங்காலம் ஆயிற்று. நடுவில் அவர் கேட்ட ஒரு கேள்வியால் ஒரு துணைத்தேற்றத்தைத் திருத்தினேன்.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்.

"அன்னிக்கு சார்ட்ட வாயால சொன்னதத் தமிழ்லயே எழுதிக் குடுத்துட்டுப் போங்க தம்பி."

"அதான் மொதலாளி நம்பிட்டாருங்களேக்கா. எதுக்கு?"

"இன்னிக்கு நம்புதாரு. நாளைக்கு இன்னொரு படிச்ச புள்ள இன்னொரு லிஸ்டு கொண்டு வரும். அப்ப நீங்க இங்க இருக்கமாட்டீங்கல்லா."

உட்கார்ந்து எழுதினேன். இந்த நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன், நான் முன்பு கொடுத்த பட்டியலில் முப்பத்தாறு தவறானவை, பிழை என் கருவியுடையது, இந்த நிரலை எழுதியவரின் வேலை அலகுகளைக் கையாள்வதில் நான் பார்த்தவற்றிலேயே மிகக் கவனமானது. கடைசியில் மீதி ஒன்றையும் எழுதினேன், அது திருத்தப்பட்ட நாளோடு. கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

படித்தார். திருப்பி என்னிடமே கொடுத்தார்.

"பேருக்கு முன்னால டாக்டர்னு போடுங்க. அதுக்குத்தான கேக்கேன்."

போட்டேன். பட்டம் வாங்கியதிலிருந்து என் பெயருக்கு முன்னால் நானே அதைக் கையால் எழுதியது அதுதான் முதல்முறை. மை காயும்வரை தாளை ஃபேன் காற்றுக்குக் காட்டிப் பிடித்திருந்தார். பிறகு அதைத் தன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள், அதற்கு மேலே வைத்தார்.